துக்கம் விசாரித்தல்



பண்டிதர் அயோத்திதாசர் நினைவாக நடக்கும் இந்த அமர்வில், துக்கம், நிலையாமை, விழிப்பு என்ற மூன்று பௌத்தக் கருத்துகளைப் பற்றிப் பேசும்படி பேரவைத் தோழர்கள் கேட்டார்கள். நான் பாலி கற்றவள் இல்லை. தியானம் சொல்லிக்கொடுப்பவளும் இல்லை. சமூகவியல் படித்துவிட்டு இருபது வருடங்களை இயக்க வேலைகளில் கழித்தவள். எனவே தத்துவ விளக்கத்தை அதற்குரியவர்களிடம் விட்டுவிட்டு, இந்த மூன்று சொற்களின் வரலாற்றைப் பேசுகிறேன். அவை யார் கைக்குப் போனபோது என்ன பொருள் பெற்றன என்பதே என் கேள்வி.

என் தாத்தாவிலிருந்து தொடங்க அனுமதியுங்கள். பழைய வடாற்காட்டு மாவட்டத்தில் எங்கள் கிராமம். ஊரில் யாராவது இறந்தால் சாவு சொல்லப் போவது அவர் வேலை. எட்டு மைல், பத்து மைல் நடந்துபோய், உறவுக்காரர் வீட்டு வாசலுக்கு வெளியே நின்று சேதியைச் சொல்லிவிட்டுத் திரும்புவார். கூலியாகக் கொஞ்சம் நெல். அது அவர் தேர்ந்தெடுத்த தொழில் இல்லை, பிறப்பால் சுமத்தப்பட்டது. அவர் இறந்தபோது ஊரிலிருந்து ஒருவர்கூடச் சேரிக்குள் வந்து துக்கம் விசாரிக்கவில்லை. நாற்பது வருடம் ஊராரின் துக்கத்தைச் சுமந்து சொன்னவருக்கு நேர்ந்தது இது. இதை என் பாட்டி கோபமில்லாமல்தான் சொல்வார். அந்தக் கோபமின்மைதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

'துக்கம் விசாரித்தல்' என்று தமிழில் சொல்கிறோம். விசாரித்தல் என்றால் கேட்டறிதல். எப்படி ஆயிற்று, எப்போது ஆயிற்று, ஏன் ஆயிற்று என்று கேட்பது. புத்தர் செய்ததும் அதுதான் என்பது என் புரிதல். அவருக்குப் பின் பண்டிதரும் பாபாசாகேபும் அதைத்தான் தொடர்ந்தார்கள்.

1. முதல் உரை

காசிக்கு அருகே இசிபதனத்தில், இன்றைய சாரநாத்தில், ஐந்து பேருக்குப் புத்தர் சொன்ன முதல் உரையில் துக்கத்தின் பட்டியல் வருகிறது. பிறப்பு, முதுமை, நோய், சாவு. பிடிக்காதவற்றோடு சேர்ந்திருப்பது, பிடித்தவற்றைப் பிரிவது, வேண்டியது கிடைக்காமல் போவது. இந்தப் பட்டியலோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் பௌத்தத்தை அழுமூஞ்சிச் சமயம் என்கிறார்கள். ஆனால் உரை அங்கே முடியவில்லை. துக்கத்துக்குக் காரணம் உண்டு. காரணம் நீங்கினால் துக்கம் நீங்கும். நீக்குவதற்கு வழி உண்டு. மருத்துவர் நோயைப் பார்த்து, அதன் மூலத்தைப் பார்த்து, தீருமா என்று பார்த்து, மருந்து எழுதுவதைப் போன்ற நான்கு படிகள் இவை. பண்டிதர் சித்த மருத்துவர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு படிகளும் அவருக்குப் புதிதாக இருந்திருக்காது.

இரண்டாவது படிதான் முக்கியம். துக்கத்துக்குக் காரணம் உண்டு என்று சொன்ன கணமே அது தலையெழுத்து இல்லை என்றாகிறது. தெய்வம் விதித்தது என்றால் மன்றாடலாம், விசாரிக்க முடியாது. காரணத்தால் வந்தது என்றால் விசாரிக்கலாம், மாற்றலாம். காரணங்களால் உண்டானது எதுவோ, அது நிலைக்காது. இதுதான் பாலியில் அனிச்சம், நம் வழக்கில் அநித்தியம், நிலையாமை.

2. வந்து சேர்ந்தவர்கள்

இந்தப் போதனை யாரையெல்லாம் எட்டியது? விநய பிடகத்தில் உபாலியின் கதை வருகிறது. சாக்கியக் குலத்து இளைஞர்கள் அறுவர் துறவு மேற்கொள்ளப் புறப்படுகிறார்கள். அவர்களுடைய நாவிதர் உபாலியும் உடன் வருகிறார். எங்களுக்கு முன் இவருக்குத் துறவு கொடுங்கள், மூத்தவராக இவரை வணங்கினால்தான் எங்கள் சாக்கியச் செருக்கு அடங்கும் என்று அந்த இளைஞர்களே புத்தரிடம் கேட்கிறார்கள். அப்படியே நடக்கிறது. புத்தர் மறைந்தபின் ராஜகிருகத்தில் கூடிய சங்கத்தில் விநயம் முழுவதையும் எடுத்துரைத்தவர் அந்த உபாலிதான்.

தேரகாதையில் சுனிதர் இருக்கிறார். வாடிய பூக்களைக் கூட்டி அள்ளும் வேலை செய்தவர், எல்லோராலும் இழிவாகப் பார்க்கப்பட்டவர். தேரிகாதையில் புண்ணிகா இருக்கிறார். அடிமைப் பெண். எஜமானியின் அடிக்கும் ஏச்சுக்கும் பயந்து கடுங்குளிரிலும் ஆற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டவர். அதே ஆற்றில் நடுங்கிக்கொண்டே முழுகும் ஒரு பிராமணரை அவர் பார்க்கிறார். நான் அடிக்குப் பயந்து இறங்குகிறேன், நீர் எதற்குப் பயந்து இறங்குகிறீர் என்று கேட்கிறார். பாவத்தைக் கழுவ என்று பதில் வருகிறது. தண்ணீரில் நனைந்தால் பாவம் போகுமென்றால் தவளையும் ஆமையும் மீனும் அல்லவா முதலில் சொர்க்கம் போக வேண்டும் என்று அவர் மடக்குகிறார். துக்கத்தைப் பற்றி ஓர் அடிமைப் பெண் நடத்திய விசாரணை இது.

இந்த வரலாற்றில் கறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எஜமானர் விடுவிக்காத அடிமைக்கும், கடன்பட்டவருக்கும், அரச சேவையில் இருந்த வீரருக்கும் துறவு தரக்கூடாது என்ற விதிகளும் அதே விநயத்தில் உண்டு. புண்ணிகாவும் விடுதலை பெற்ற பிறகே சங்கத்தில் சேர முடிந்தது. இலங்கையில் பிற்காலத்தில் சியாம் நிகாயம் கொவிகம சாதியாருக்கு மட்டுமே உபசம்பதை அளித்தது. அதை எதிர்த்து மற்றச் சாதியினர் பர்மாவுக்குக் கப்பலேறி உபசம்பதை பெற்றுவந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமரபுர நிகாயத்தை உண்டாக்க வேண்டியிருந்தது. போதனை ஒன்று சொல்ல, நிறுவனம் வேறொன்று செய்யும். இதைத் தெரிந்துகொண்டு பேசினால்தான் நமக்கும் மரியாதை, பௌத்தத்துக்கும் மரியாதை.

3. 1898

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது. நிலமில்லாதவர்களே முதலில் செத்தார்கள். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையும், அதையொட்டி 1892இல் வந்த பஞ்சமி நில அரசாணையும் அந்தக் காலத்தின் சாட்சியங்கள். அதே 1891இல் பண்டிதர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். கல்வி, நிலம், பொதுவழி என்று கோரிக்கைகள் எழுந்தன.

1898இல் அவர் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று, சுமங்கல மகாநாயகரிடம் பஞ்ச சீலம் ஏற்றுத் திரும்பினார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் பிறந்தது. உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்ததும் அதே 1898இல்தான். ஒரே ஆண்டில் தமிழ்ப் பௌத்தம் அச்சிலும் வந்தது, சேரியிலும் வந்தது. அச்சில் வந்ததை இலக்கிய வரலாறு கொண்டாடியது. சேரியில் வந்ததைப் பல்லாண்டுகள் பேசாமல் விட்டது.

மணிமேகலையில் துக்கம் எப்படி வருகிறது என்று பாருங்கள். அந்தக் காப்பியம் பசியைப் பிணி என்கிறது. தீராப் பசிநோய் கொண்ட காயசண்டிகையின் பசி அமுதசுரபிச் சோற்றால் தீர்கிறது. மணிமேகலை சிறைக்குள் போய்க் கைதிகளுக்கு உணவிடுகிறாள். அரசன் என்ன வேண்டும் என்று கேட்கும்போது சிறையை அறச்சாலை ஆக்கும்படி கேட்கிறாள். தனி மனத்தின் ஏக்கத்தோடு வயிற்றின் பசியும், அரசன் கட்டிய சிறையும் துக்கமே என்ற புரிதல் தமிழில் அப்போதே இருந்தது.

1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ் வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின் 'தமிழன்' என்று பெயர் மாறி, 1914 மே 5இல் பண்டிதர் மறையும் வரை அவர் கையால் நடந்தது. சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயலில், பெங்களூரில், ஹூப்ளியில், ரங்கூனில், டர்பனில் எழுந்தன. சுரங்கத்துக்குப் போனவர்களும் கப்பலேறியவர்களும் தங்கள் மூட்டையோடு இந்த இதழையும் எடுத்துப்போனார்கள். பண்டிதருக்குப் பின் தங்கவயலில் ஜி. அப்பாத்துரையார் முதலானோர் இந்த வேலையைத் தொடர்ந்தார்கள். அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக்கியது.

நிலையாமை என்ற கருத்தைப் பண்டிதர் என்ன செய்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தமிழ் நீதிநூல்கள் நிலையாமையை நிறையப் பேசியிருக்கின்றன. இளமை நிலையாது, செல்வம் நிலையாது, உடம்பு நிலையாது. ஆனால் நான் படித்த நீதிநூல் எதிலும் சாதி நிலையாமை என்று ஓர் அதிகாரம் இல்லை. எல்லாம் அழியும் என்று பாடிய மரபு, சேரியின் எல்லையை மட்டும் அழியாததாக விட்டுவைத்தது. பண்டிதர் அங்கே கைவைத்தார். இந்த நாட்டில் சாதிபேதம் இல்லாத காலம் ஒன்று இருந்தது, சாதி பின்னால் வந்தது, வந்ததற்குக் காரணமும் காலமும் உண்டு என்று 'இந்திரர் தேச சரித்திரம்' எழுதினார். சாதிக்கு ஒரு தொடக்கத்தைக் காட்டிவிட்டால் அதற்கு ஒரு முடிவும் உண்டு. இது அநித்தியக் கோட்பாட்டை வரலாற்றில் பொருத்திப் பார்ப்பதுதான்.

பண்டிதரின் சொல்லாராய்ச்சிகள் எல்லாம் இன்றைய மொழியியலுக்கு நிற்குமா என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். சில நிற்காது. பண்டிகைகளுக்கு அவர் சொன்ன பௌத்தப் பொருள்களில் பலவற்றுக்கு வேறு சான்று தேட வேண்டியிருக்கும். ஆனாலும் அவர் எழுப்பிய அடிப்படைக் கேள்வியை யாரும் தள்ளிவிட முடியாது. தீண்டப்படாதவர்கள் ஏன் தீண்டப்படாதவர்கள் ஆனார்கள்? நாற்பது ஆண்டு கழித்து, 1948இல், அம்பேத்கரும் தீண்டப்படாதோர் பற்றிய தம் நூலில் இதே கேள்வியை எடுத்து, அவர்கள் பௌத்தத்தை விடாதவர்கள் என்ற கருதுகோளை வைத்தார். அதே ஆண்டில்தான் சென்னைப் பேராசிரியர் பி. லட்சுமிநரசு 1907இல் எழுதிய பௌத்த சாரம் பற்றிய ஆங்கில நூலின் மூன்றாம் பதிப்புக்கு முன்னுரை எழுதி அதை மீண்டும் வெளிக்கொண்டுவந்தார். லட்சுமிநரசு பண்டிதரோடு சேர்ந்து சாக்கிய சங்கத்தில் உழைத்தவர். இராயப்பேட்டைக்கும் நாகபுரிக்கும் நடுவே இப்படி ஒரு பாலம் உண்டு.

4. பாபாசாகேபின் கேள்வி

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6இல் மறைந்தார். 'புத்தரும் அவர் தம்மமும்' 1957இல், அவர் இல்லாத உலகத்தில் வெளிவந்தது. அந்நூலின் முன்னுரையில் அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று நான்கு உண்மைகளைப் பற்றியது. வாழ்வே துக்கம், பிறப்பே துக்கம் என்றால் மனிதருக்கு எந்த நம்பிக்கை மிஞ்சும், இது புத்தரின் மூலப் போதனைதானா என்று கேட்டார். மரபான பௌத்தர்கள் பலர் இதை ஏற்கவில்லை. நான்கு உண்மைகளையே தொட்டுவிட்டால் பௌத்தத்தில் என்ன மிச்சம் என்றார்கள்.

அவர் ஏன் கேட்டார் என்பதை நாம் யோசிக்க வேண்டும். உன் துக்கத்துக்குக் காரணம் உன் ஆசை என்று ஒரு நிலச்சுவான்தாரிடம் சொல்வதும் அவருடைய பண்ணையாளிடம் சொல்வதும் ஒன்றாகாது. ஒருவேளைச் சோற்றுக்கு ஆசைப்பட்டது குற்றமா? 1927 மார்ச் 20இல் மகாடில் சவதார் குளத்துத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்த மக்களின் தாகம் பற்றா? உன் முற்பிறப்பின் வினை என்று சொன்னால் இன்னும் மோசம். அது பாதிக்கப்பட்டவரையே குற்றவாளி ஆக்கும் தீர்ப்பு.

எனவே சித்தார்த்தர் வீடு துறந்த காரணத்தை அவர் வேறாகச் சொன்னார். கிழவர், நோயாளி, பிணம் என்ற மூன்று காட்சிகள் இருபத்தொன்பது வயது வரை ஒருவர் கண்ணில் படாமலா இருக்கும் என்று கேட்டார். ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சாக்கியரும் கோலியரும் மோதிய தகராற்றில் போர் வேண்டாம் என்று சித்தார்த்தர் நின்றதையும், அதனால் நாடு விட்டுப் போக நேர்ந்ததையும் மையத்தில் வைத்தார். மறைவதற்குச் சில நாள்களுக்கு முன், 1956 நவம்பரில், காட்மாண்டு உலக பௌத்தர் மாநாட்டில் பேசியபோது, மார்க்ஸ் சுரண்டல் என்று சொன்னதை நெடுங்காலம் முன்பே புத்தர் துக்கம் என்ற சொல்லால் தொட்டார் என்று விளக்கினார். துக்கம் என்றால் வறுமை என்றும் வாசிக்கலாம் என்றார். பண்டிதர் சாதிக்குத் தொடக்கம் தேடினார் என்றால், பாபாசாகேப் துக்கத்தின் முகவரியையே மாற்றி எழுதினார். மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலுள்ள உறவில் அது உண்டாகிறது என்றார்.

5. விழிப்பா, நினைவா?

மூன்றாவது சொல்லுக்கு வருகிறேன். இன்று உலகச் சந்தையில் அதிகம் விலைபோகும் பௌத்தச் சொல் இதுதான்: மைண்ட்ஃபுல்னஸ். கைபேசிச் செயலிகளில் இருக்கிறது, மென்பொருள் நிறுவனங்களில் இருக்கிறது. இதன் வரலாறும் பண்டிதர் காலத்தில்தான் தொடங்குகிறது. அவருக்கு ஒரு வயது இளையவர் பர்மாவின் லெடி சயடா (1846-1923). பிரிட்டிஷார் பர்மிய அரசைக் கவிழ்த்தபின், சாசனம் அழியாமலிருக்க வேண்டுமானால் துறவிகளோடு சாதாரண மக்களும் தியானம் பழக வேண்டும் என்று ஊர் ஊராகப் போனவர். அந்த வழியில் பர்மாவின் தலைமைக் கணக்காயர் ஊ பா கின், அவர் மாணவர் கோயங்கா என்று வந்து, 1969இல் விபாசனா இந்தியாவில் காலூன்றியது. 1979இல் அமெரிக்காவில் ஜான் கபட்-ஜின் மருத்துவமனை ஒன்றில் மன அழுத்தம் குறைக்கும் பயிற்சியாக அதை வடிவமைத்தார். காலனியாட்சிக்கு எதிரான தற்காப்பாக எழுந்தது, நூறு ஆண்டில் அலுவலக அழுத்தத்துக்கு மருந்தாயிற்று.

அந்தச் சொல்லின் மூலம் பாலியில் ஸதி, சமஸ்கிருதத்தில் ஸ்மிருதி. நேர்ப்பொருள் நினைவு. ரீஸ் டேவிட்ஸ் 1881இல் அதை மைண்ட்ஃபுல்னஸ் என்று மொழிபெயர்த்தார். நெடுநாள் முன் செய்ததையும் சொன்னதையும் நினைவில் வைத்திருப்பவரே ஸதி உடையவர் என்ற விளக்கம் சுத்தங்களிலேயே இருக்கிறது. இந்தக் கணத்தில் மட்டும் இரு, பழையதை விடு என்ற இன்றைய விளம்பரத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. ஸதிபட்டான சுத்தம் உடலை உள்ளே கவனி என்கிறது, கூடவே வெளியே கவனி என்றும் சொல்கிறது. வெளியே என்பதற்குப் பிறர் உடல் என்றே உரைகள் பொருள் சொல்கின்றன.

சில வருடங்களுக்கு முன் ஒரு நகரத்தில் தூய்மைப் பணியாளர்களுக்கு மன அமைதிப் பயிற்சி நடந்தது. பார்க்கப் போயிருந்தேன். பயிற்றுநர் நல்லவர்தான், நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்: கண்ணை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள். முடிந்ததும் ஓர் அக்கா என்னிடம் வந்தார்.

"மூச்சைக் கவனிக்கச் சொல்றாங்க தங்கச்சி. என் வீட்டுக்காரரு குழிக்குள்ள மூச்சு முட்டித்தான் செத்தாரு. அதை யாரு கவனிச்சாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கையால் மலம் அள்ளும் வேலைக்குத் தடைச் சட்டம் 1993இல் வந்தது. 2013இல் இன்னொரு சட்டம். கழிவுநீர்க் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. குழிக்குள் இறங்கும் ஆளின் சாதியும் மாறாமல் இருக்கிறது. மூச்சைக் கவனித்தல், ஆனாபானஸதி, அந்த அக்காவின் கேள்வியையும் சேர்த்துக் கவனித்தால்தான் முழுமை பெறும். அவர் கணவரின் மூச்சு, வெளியே கவனிக்க வேண்டிய மூச்சு.

இதனால் தியானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே பார்ப்பதை விட்டுவிட்டால் நமக்குத்தான் நட்டம். ஆசை, வெறுப்பு, மயக்கம் என்று புத்தர் சொன்ன மூன்றும் ஊரில் மட்டும் இருக்கின்றனவா? நம் உட்சாதிப் பூசல்களில் இருக்கின்றன. மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் மனைவியை அதட்டும் தோழரிடம் இருக்கின்றன. இயக்கத்தில் பத்து வருடம் ஓடிக் களைத்துப்போய், எல்லோர் மீதும் எரிச்சலோடு நான் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நாள்கள் உண்டு. அப்போது என்னைத் தூக்கி நிறுத்தியவற்றில் தினமும் அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்ததும் ஒன்று. அந்த எரிச்சல் வந்தது, இருந்தது, போனது. அநித்தியத்தை நான் உடம்பில் தெரிந்துகொண்டது அப்படித்தான். ஆனால் கோபத்தின் சூடு தணிந்தபிறகும் கோபத்தின் காரணம் அப்படியே இருந்தது. அதைத் தேடித்தான் மறுபடி வெளியே வந்தேன்.

6. நினைவு நாளில்

நிலையாமை நம் நிறுவனங்களுக்கும் பொருந்தும். 'தமிழன்' நின்றுபோனது. ரங்கூன் கிளையும் டர்பன் கிளையும் இன்று வரலாற்றுக் குறிப்புகள். கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. பழைய இதழ்களைச் சில குடும்பங்கள் பெட்டியில் பாதுகாத்து வைத்திருந்ததால்தான், 1990களின் இறுதியில் பண்டிதரின் எழுத்துகள் தொகுதிகளாக மீண்டும் நம் கைக்கு வந்தன. செல்லரித்த தாள்களைப் பிரித்து வெயிலில் உலர்த்தி வைத்த அந்தப் பெண்களையும் ஆண்களையும் நான் ஸதி உடையவர்கள் என்பேன். அவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்களா என்பது எனக்கு முக்கியமில்லை.

நாமும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் ஊரில், நம் நகரத்தில், குழிக்குள் இறந்தவர்களின் பெயர், ஊர், இறந்த நாள், வேலைக்கு அனுப்பியது யார், இழப்பீடு வந்ததா என்ற விவரங்களைக் கேட்டு எழுதி வைப்போம். வீடு தேடிப் போய்க் கேட்போம். இந்தப் பேரவை அதை ஆண்டுதோறும் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். துக்கம், அதன் காரணம், அது நீங்குதல், நீங்கும் வழி என்ற நான்கில் முதல் இரண்டுக்கான வேலை அது. அது இல்லாமல் மற்ற இரண்டும் வராது.

என் தாத்தா அடுத்தவர் சாவைச் சொல்ல எட்டு மைல் நடந்தார். அவர் சாவை விசாரிக்க எட்டு அடி நடக்க ஆளில்லை. அந்த அக்காவின் வீட்டுக்கு அடுத்த வாரம் போகிறேன். இம்முறை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. வர முடிந்தவர்கள் என்னோடு வாருங்கள்.